இரண்டு விடை எழுதியவள்

என் மகள் கணக்குத் தேர்வில் ஒரே கேள்விக்கு இரண்டு விடை எழுதிவிட்டு வந்தவள். இதை இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பட்டாபிராமில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்புத் தகடு வெட்டுகிற வேலை. என் மனைவி ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் காய்கறிக் கடை போடுகிறாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, கணக்கும் உயிரியலும் எடுத்துப் படிக்கிறாள். இந்தக் கதையில் இன்னொரு முக்கியமான ஆள் உண்டு. அது என் மனைவியின் தராசு. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் பட்டனை அமுக்குகிற மெஷினுக்கு மாறிவிட்டார்கள். அவள் மட்டும் இரண்டு தட்டுத் தராசை விடவில்லை. "மெஷின்ல நம்பர் ஓடும், யாரு கண்டா? இதுல ஊருக்கே தெரியும்" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் வேலையிலிருந்து வந்தபோது மகள் தன் விடைத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மெல்லிய புத்தகம். என் மனைவி அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே அதை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி புஸ்தகம் இது, இவ்ளோ ஒல்லியா கீது?"

"ஒல்லியா இருக்கறவங்களுக்கு இல்லம்மா. மெதுவா படிக்கிறவங்களுக்கு."

அட்டையில் 'மெல்லக் கற்போர் கையேடு' என்று போட்டிருந்தது. தேர்வில் தேறாத பிள்ளைகளின் பெயரை ஒரு பட்டியலாக எழுதி, பள்ளி முடிந்ததும் வேறு அறையில் உட்கார வைத்து, மனப்பாடம் செய்து தேறிவிடக்கூடிய பாடங்களை மட்டும் நடத்துவார்கள். நல்ல எண்ணத்தில் செய்கிற ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வளைந்த கோட்டுக்குக் கீழே எவ்வளவு இடம் என்று கண்டுபிடிக்கிற தொகையிடல் பாடமே அந்தக் கையேட்டில் கிடையாது. என் மகளுக்குக் கணக்கில் பிடித்த ஒரே பாடம் அதுதான்.

"எது புரிஞ்சுதோ அதையே எடுத்துட்டாங்கப்பா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

விடைத்தாளைத் திருப்பிப் பார்த்தேன். தேறுவதற்கு நான்கு மதிப்பெண் குறைவு. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றில் பெரிய பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில், 'ஒரு கேள்விக்கு ஒரு விடைதான்' என்று எழுதியிருந்தது. அந்தக் கேள்விக்குக் கீழே இவள் இரண்டு எண்களை எழுதி இரண்டையும் கட்டம் கட்டியிருந்தாள். வகுப்பில் அன்றிலிருந்து இவளுக்கு 'டூ இன் ஒன்' என்று பெயராம்.

"மிஸ்கிட்ட போய்க் கேட்டேன், ரெண்டுமே வேணும் மிஸ்னு. செவ்வாக்கிழம ஒரு பீரியட் தரேன், ரெண்டு விடை ஏன்னு கிளாஸுக்கே புரியற மாதிரி சொல்லு, சொல்லிட்டா திருத்திப் போட்டு லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடறேன்னாங்க."

"சொல்லலன்னா?"

அவள் அந்த மெல்லிய புத்தகத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"முதல்ல எனக்குச் சொல்லு. எனக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும்" என்றேன்.

அவள் ஒரு கிராஃப் தாளை எடுத்தாள். பத்து சென்டிமீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் உயரம், ஒரு சதுரம். அதற்குள் இடது கீழ் மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. முதல் சென்டிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம். இரண்டாவதில் நாலு மில்லி. மூன்றாவதில் ஒன்பது, நாலாவதில் பதினாறு. இப்படி வளைந்து வளைந்து ஏறி, பத்தாவதில் நூறு மில்லியைத் தொட்டு வலது மேல் மூலையில் போய் நின்றது. மெதுவாகக் கிளம்பி வேகம் பிடிக்கிற எங்கள் ஊர் ரயில் மாதிரி இருந்தது.

"இந்தக் கோட்டுக்குக் கீழ தோராயமா எவ்ளோ இடம் இருக்குன்னு கண்டுபிடிக்கணும். அதான் கேள்வி."

"வளைவா இல்ல கீது? நீளத்தை அகலத்தால பெருக்க முடியாதே."

"அதனால செவ்வகமா நிறுத்தணும்" என்று, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டை பட்டையாக, கோட்டுக்கு உள்ளேயே அடங்கும்படி வரைந்தாள். படிக்கட்டு மாதிரி ஏறியது. ஒவ்வொரு படிக்கும் கோட்டுக்கும் நடுவில் முக்கோணம் போலச் சின்னச் சின்ன மூலைகள் மிஞ்சின.

நான் தகடு வெட்டுகிறவன். தகட்டில் பட்டை வரைந்தால் பட்டைதான் பொருள், மிஞ்சுவது கழிவு. அதனால் என் வாயில் என் தொழில்தான் வந்தது.

"இந்த மூலையெல்லாம் ஸ்கிராப்பா? தூக்கிப் போட்டுருவீங்களா?"

"ஐயோ, அதையும் சேத்துத்தான்பா கணக்கு! அதை விட்டுட்டதாலதான் இந்த விடை கம்மி. உண்மையான இடம் இதவிட ஜாஸ்தி." பிறகு அதே பட்டைகளைக் கோட்டைத் தாண்டி வெளியே தலை நீட்டும்படி இன்னொரு முறை வரைந்தாள். "இது ஜாஸ்தி. உண்மையான இடம் இதவிடக் கம்மி. உள்ள நிக்கறது ரெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பது சின்னக் கட்டம். வெளிய நீட்டறது மூவாயிரத்து எண்ணூத்தி அம்பது. உண்மை நடுவுல எங்கயோ இருக்கு. ஒண்ணு மட்டும் எழுதினா அது பொய்யில்லையா? ரெண்டையும் எழுதினா, இங்கேர்ந்து இதுக்குள்ளதான்னு பிடிச்சுடலாம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் பட்டறைக்கு வருகிற டிராயிங்கில் எந்த அளவுக்கும் இரண்டு எண் போட்டிருக்கும். இதற்குக் குறையக் கூடாது, இதைத் தாண்டக் கூடாது. ஒரே எண் எழுதிய டிராயிங் வந்தால் எங்கள் ஃபோர்மேன் கையாலேயே தொட மாட்டார். யாரும் சொல்லித் தராமல் என் மகள் அதைத்தான் எழுதியிருக்கிறாள். அதற்குப் பூஜ்யம்.

ஆனாலும் எனக்கு அந்தக் கழிவு மனதை விட்டுப் போகவில்லை. பழக்கதோஷம்.

"சரிம்மா. உள்ள நிக்கற பட்டைக்கும் வெளிய நீட்டற பட்டைக்கும் நடுவுல மொத்தம் எவ்ளோ ஸ்கிராப்பு?"

"ஆயிரம் கட்டம்" என்றாள், கழித்துப் பார்த்து. தாளையே முறைத்துப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு படிக்கட்டுக்கும் நடுவில் இருந்த கட்டங்களைத் தனித்தனியாக வெட்டினாள். பத்துத் துண்டு. எல்லாம் ஒரே அகலம், உயரம்தான் வேறு. ஒவ்வொன்றாக வலது பக்கம் நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கடைசிப் பட்டையின் இடத்தில், அடியிலிருந்து மேல் மூலை வரை இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"அப்பா! எல்லா ஸ்கிராப்பும் சேந்து ஒரே ஒரு பட்டைதான்பா! கடைசிப் பட்டை! அப்போ பட்டையை ஒல்லியாக்கினா ஸ்கிராப்பும் ஒல்லியாயிடும்!"

"ஸ்கிராப்பே இல்லாம எவனும் வேலை செஞ்சது கிடையாதும்மா."

"இங்க செய்யலாம்ப்பா. பட்டையை எவ்ளோ வேணா மெலிசாக்கலாம்."

இருபத்து மூன்று வருடமாகத் தகடு வெட்டுகிறேன். அப்படி ஒரு பட்டறை இருக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"புஸ்தகத்துல சரியான விடை இன்னான்னு போட்டுக்கீது?" என்று கேட்டாள் என் மனைவி. கை அவரைக்காயில் இருந்தாலும் காது எங்களிடம்தான் இருந்திருக்கிறது.

"சதுரத்துல மூணுல ஒரு பங்கும்மா."

"மூணுல ஒரு பங்குன்னா, அதே மாதிரி மூணு துண்டு சேந்தா ஒரு முழுச் சதுரம் எடை வரணும் இல்ல? உங்கப்பன் தகடு தானே வெட்டறாரு, வெட்டியாரச் சொல்லு. நான் நிறுத்துக் காட்டறேன். வாய்ல சொன்னா எவ கேப்பா?"

பாருங்கள், இந்த யோசனை பத்தாவது படித்த எனக்கு வரவில்லை. அஞ்சாவதோடு நின்றவளுக்கு வந்தது.

மறுநாள் சனிக்கிழமை, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, கழிவுக் குவியலிலிருந்து மூன்று மில்லி தகடு ஒன்றைப் பொறுக்கினேன். சாப்பாட்டு நேரத்தில் வேலை. பத்து சென்டிமீட்டர் சதுரம் நான்கு, பெரிய மெஷினில் போட்டு வெட்டினேன். ஒன்றை முழுசாக வைத்துக்கொண்டு, மற்ற மூன்றிலும் மகள் தந்த கிராஃப் தாளை ஒட்டி, புள்ளி குத்தி, கூர் ஊசியால் வளைவைக் கீறி, ரம்பத்தில் வெட்டினேன்.

ஃபோர்மேன் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா மாமே, எந்த கம்பெனி ஜாப்பு இது?"

"என் பொண்ணு கம்பெனி."

"ஆர்டர் எவ்ளோ?"

"மூணே பீஸு."

"சுத்தம். இன்ஸ்பெக்சன் யாரு?"

"என் பொஞ்சாதி."

"அப்போ ரிஜெக்டுதான்" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் வாய் முகூர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைக்குக் கிளம்புமுன் என் மனைவி தராசைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு தட்டில் முழுச் சதுரம். இன்னொரு தட்டில் வளைந்த துண்டுகளை மகள் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதை வைத்ததும் அந்தத் தட்டு இறங்கியது. கொஞ்சம் ஆடி நிற்கும் என்று பார்த்தோம். நிற்கவில்லை, இறங்கியே இருந்தது.

"தட்டு மாத்தி வை" என்றாள் என் மனைவி. காய்கறி வாங்க வருகிறவர்கள் சந்தேகப்பட்டால் அவள் செய்து காட்டுகிற வேலை அது. மாற்றி வைத்தோம். இப்போதும் வளைந்த துண்டுகள்தான் கனம்.

"என் தராசுல கோளாறு இல்ல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

மகள் முகம் சுருங்கிப்போனது. "அப்போ மூணுல ஒண்ணு இல்லையா? இத எடுத்துகினு போய் நின்னா சிரிப்பாங்க. விடுப்பா. நான் அந்த லிஸ்ட்லயே இருந்துக்கறேன்."

நான் ஒரு துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஊசியால் கீறிய கோடு முழுசாகப் பளபளத்தது. கோட்டுக்கு வெளியே ஒரு மில்லி இரும்பு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, ஓரம் தைத்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு உயிரே வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பிள்ளைகளே, எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. வளைவை வெட்டுகிறவன் கோட்டின்மேல் வெட்டக் கூடாது. ஒரு மில்லி தள்ளி, வெளியே வெட்ட வேண்டும். அந்த மிச்சத்தை அடுத்த மேஜையில் இருக்கிறவர் அரத்தால் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவருவார். நான் வெட்டுகிறவன். தேய்க்கிறவர் வேறு. இருபத்து மூன்று வருடத்தில் நான் வெட்டியதை நானே தேய்த்துப் பழக்கமில்லை. கை தன் பாட்டுக்கு ஒரு மில்லி விட்டுவிட்டது, நானும் வேலை முடிந்தது என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

"கணக்கு தப்பில்லம்மா. நான்தான் தப்பு" என்று அந்தக் கோட்டைக் காட்டினேன்.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மெல்லச் சிரிப்பு வந்தது. "வெளிய வெட்டிட்ட. அதான் ஜாஸ்தி வந்துருக்கு. நீயும் என்னோட ரெண்டாவது விடையையே எழுதிக்கினு வந்துட்டப்பா."

"இன்னாயா பேசிக்கினு நிக்கற? ஊட்டுல அரம் கீது இல்ல, தேய்" என்றாள் என் மனைவி. அவள் அன்றைக்குக் கடையைத் தாமதமாகத்தான் திறந்தாள். திறக்கச் சொல்லி நான் சொன்னதற்கு, "இது தீராம எப்படிப் போறது?" என்றாள்.

கத்தி தீட்ட வைத்திருந்த பழைய அரத்தை எடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து தேய்த்தேன். கோடு பாதி மறையும் வரை தேய்க்க வேண்டும், அதற்கு மேல் ஒரு இழுப்புகூடக் கூடாது. ஒரு துண்டு முடிந்ததும் நிறுத்தோம்; தட்டு கொஞ்சம் ஏறியது. இரண்டாவது முடிந்ததும் இன்னும் ஏறியது. மூன்றாவது முடிந்தபோது தராசு முள் இங்கேயும் அங்கேயும் ஆடி, நடுவில் வந்து நின்றது. தட்டு மாற்றினோம். நடுவிலேயே நின்றது. பிறகு என் மனைவி, "பாஸு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை நான் அரை நாள் அனுமதி வாங்கினேன். தராசைப் பிள்ளை தனியாகத் தூக்கிக்கொண்டு ரயிலில் பள்ளிக்குப் போக முடியாது, அதுவும் சாயந்திரக் கடைக்குத் திரும்ப வந்தாக வேண்டும் என்று காரணம் சொன்னேன். உண்மையில் எனக்கு வீட்டிலும் பட்டறையிலும் இருப்புக் கொள்ளவில்லை. கணக்கு டீச்சரம்மா என்னைப் பார்த்து, "உள்ள வந்து உக்காருங்க" என்றார். நான் வேண்டாம் என்று வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டேன்.

முதலில் அவள் குரலே வரவில்லை. பின் பெஞ்சிலிருந்து, "டூ இன் ஒன், சத்தமா பேசு" என்று யாரோ சொன்னார்கள். அவள் பேசுவதை விட்டுவிட்டு, தராசைத் தூக்கித் துண்டுகளை வைத்தாள். மூன்றாவது துண்டுக்கு முள் நடுவில் நின்றதும் பின் பெஞ்சுக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். "சரிடி, மூணுல ஒண்ணு. ஒத்துக்கறோம். பரீட்சை ஹாலுக்குத் தராசு தூக்கிகினு போவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நியாயமான கேள்வி.

என் மகளும் சிரித்தாள். "மாட்டேன். தராசு எங்கம்மா சொன்னதுக்காக எடுத்தாந்தது. உனக்குக் கணக்கு தரேன், உக்காரு" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.

உள்ளே நிற்கிற படிக்கட்டை வரைந்தாள், வெளியே நீட்டுகிற படிக்கட்டை வரைந்தாள். நடுவில் மிஞ்சிய கட்டங்களை அம்புக்குறி போட்டு ஒவ்வொன்றாக வலது பக்கம் தள்ளி, கடைசிப் பட்டையில் அடுக்கினாள். "பத்துப் பட்டை போட்டா, ரெண்டு விடைக்கும் நடுவுல ஒரு பட்டை தான் வித்தியாசம். பத்துல ஒரு பங்கு. நூறு பட்டை போட்டா அதே மாதிரி கடைசிப் பட்டை ஒண்ணு தான், ஆனா அது நூறுல ஒரு பங்கு. ஆயிரம் போட்டா ஆயிரத்துல ஒண்ணு. உள்ள இருக்கறது ஏறிக்கினே வரும், வெளிய இருக்கறது இறங்கிக்கினே வரும். தப்பிச்சுப் போக முடியாம நடுவுல மாட்டறது தான் மூணுல ஒண்ணு. ஒரே ஒரு விடை எழுதினா அது எவ்ளோ தூரத்துல இருக்குன்னு சொல்ல முடியாது. ரெண்டு எழுதினா சொல்லலாம். அதான் மிஸ் ரெண்டு எழுதினேன்."

டீச்சரம்மா கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "அந்தக் கட்டமெல்லாம் கடைசிப் பட்டையில அடங்கும்னு எங்க பாத்த? நான் நடத்தலையே."

"எங்கப்பா கேட்டாரு மிஸ், மொத்தம் எவ்ளோ ஸ்கிராப்புன்னு. அதான் அடுக்கிப் பாத்தேன்."

நாற்பது பிள்ளைகளும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே போய் நிற்பதென்று தெரியவில்லை. பட்டறைச் சட்டையில் எண்ணெய்க் கறை. மறைக்கவில்லை.

மணி அடித்ததும் அவள் வெளியே வந்தாள். ஒரு கையில் தராசு, இன்னொரு கையில் விடைத்தாள். அந்த மெல்லிய புத்தகம் இரண்டு கையிலும் இல்லை.

"கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன். லிஸ்ட்ல என் பேரை மிஸ்ஸே கோடு போட்டு அடிச்சாங்க." விடைத்தாளை நீட்டினாள். பழைய பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நான்கு என்று எழுதியிருந்தது. இரண்டு எண்களுக்கும் மேலே தனித்தனியாகச் சரி போட்டிருந்தது.

"அஞ்சுக்கு நாலா? ஒண்ணு எங்க போச்சு?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "'சதுர அலகுகள்'னு போட மறந்துட்டேன்பா. ரெண்டுலயும்."

நான் தராசை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். ஒரு மில்லியை மறந்தவன் என்ன சொல்லிக் கண்டிப்பது? "வா, உங்கம்மா காத்துக்கினு இருப்பா" என்றேன். ரயில் நிலையம் வரை தராசுத் தட்டுகள் என் முதுகில் இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. எதிரில் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நடந்தேன்.